வகுப்பறையில் வி.ஆர்.: மாணவர்கள் நிஜமாக என்ன நினைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் வி.ஆர். கருவியை வகுப்புக்குக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்களுக்கும், அதையே பி.எட்., எம்.எட். ஆய்வுத் தலைப்பாக எடுத்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வி.ஆர். என்பது கண்ணில் மாட்டிக்கொண்டால் காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் சுற்றிலும் படம் காட்டும் தொழில்நுட்பம்; தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கலைச்சொல் அகராதிப்படி இது "மெய்நிகர் உண்மை". பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கும் வி.ஆர்.தான்.

பிள்ளைகளைக் கேட்டால் எல்லாரும் "சூப்பர் சார்" என்கிறார்கள். இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

அந்த "சூப்பர்" பாதி புதுப்பொருளுக்கு, மீதி கேட்பவர் டீச்சர் என்பதற்கு. திருவிழாவில் முதல்முறை ராட்டினம் ஏறி இறங்கிய பிள்ளையிடம் கருத்துக் கேட்டால் என்ன பதில் வருமோ அதுதான் இதுவும். முதல் நாள் பதிலை மட்டும் வைத்து "மாணவர்களிடம் நேர்மறை மனப்பான்மை காணப்படுகிறது" என்று முடிக்கும் ஆய்வறிக்கைகள் நிறைய இருக்கின்றன. அவற்றால் யாருக்கும் பயனில்லை.

குறைந்தது மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, வெவ்வேறு பாடங்களுக்குப் பயன்படுத்துங்கள். முதல் முறைக்குப் பிறகும் மூன்றாம் முறைக்குப் பிறகும் ஒரே வினாத்தாளைக் கொடுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இறங்கியது, யாரிடம் இறங்கவில்லை என்பதுதான் உங்கள் கண்டுபிடிப்பு.

வினாத்தாள் இல்லாமலும் ஒன்றை அளக்கலாம். நான்காம் வாரம், விளையாட்டு பீரியடில், "விருப்பம் இருப்பவர்கள் மட்டும் வந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வருபவர்களை எண்ணுங்கள். கபடியை விட்டுவிட்டு வருகிற பையன், 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்லும் எந்த ஐந்து புள்ளி அளவுகோலையும்விட நம்பகமான சாட்சி.

"மனப்பான்மை" என்று எதை அளப்பது?

பெரும்பாலான ஆய்வுகள் ஃபிரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில்தான் தொடங்குகின்றன. அதில் அடிப்படை இரண்டு: இது எனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேனா, இதைக் கையாள்வது எளிது என்று நினைக்கிறேனா. 2003-ல் வெங்கடேஷும் மூன்று பேரும் சேர்ந்து விரிவாக்கிய மாதிரியில் சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கும், பயன்படுத்தத் தேவையான வசதிகளும் சேர்ந்தன.

நம் பக்கத்தில் அந்தக் கடைசிக் காரணிதான் எல்லாவற்றையும் புரட்டிப்போடும். "வி.ஆர். படிப்புக்கு உதவும்" என்பதற்கு 5 போட்ட மாணவி, "இனியும் வி.ஆர். மூலம் படிப்பேன்" என்பதற்கு 2 போடுவாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார் என்றுகூட அதற்குப் பொருள் இருக்கலாம். அதனால் அந்தக் கேள்வியை இரண்டாக உடையுங்கள்: "பள்ளியில் கிடைத்தால் மறுபடி பயன்படுத்துவேன்", "வீட்டில் பயன்படுத்த எனக்கு வழி இருக்கிறது".

விலை உயர்ந்த ஹெட்செட் இல்லை. அட்டைப்பெட்டியும் செல்போனும் போதுமா?

360 டிகிரி (எல்லாப் பக்கமும் தெரியும்) படம், வீடியோ பார்க்கப் போதும். கூகுள் 2014-ல் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டை, அதாவது செல்போனைச் செருகிப் பார்க்கும் லென்ஸ் வைத்த அட்டைப்பெட்டியை, 2021-ல் விற்பதை நிறுத்திவிட்டது. வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தது என்பதால் அதே மாதிரிப் பெட்டிகள் சில நூறு ரூபாய்க்கு இன்னும் கிடைக்கின்றன. கூடவே இருந்த, வகுப்பிலிருந்தே ஊர் சுற்றிக்காட்டும் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021 ஜூன் 30-உடன் மூடப்பட்டது. பழைய பயிற்சிக் கையேட்டைப் பார்த்து அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போனில் பார்க்க வேண்டியது முதலில் கைரோஸ்கோப், அதாவது போன் திரும்புவதை உணரும் சென்சார். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. படம் ஓடும், ஆனால் தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது. சென்சார்களைப் பட்டியலிடும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, கைரோஸ்கோப் வரியில் எண்கள் மாறுகின்றனவா என்று போனைச் சுழற்றிப் பாருங்கள். அடுத்தது அளவு. கார்ட்போர்டு 6 அங்குலத் திரை வரைக்கும் கணக்குப் பண்ணிச் செய்தது. இப்போது கடையில் இருக்கும் 6.7 அங்குல போன் உள்ளே நுழையாது, நுழைந்தாலும் படத்தின் நடுக்கோடு லென்ஸ்களின் நடுவில் நிற்காது. பெரிய போனுக்கென்று வரும் பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள்.

இந்தப் பெட்டியில் தலையைத் திருப்பலாம், எழுந்து நடக்க முடியாது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் பாடங்களுக்கு, போன் இல்லாமல் தானே இயங்கும் தனி ஹெட்செட்தான் வேண்டும். இரண்டையும் பயன்படுத்திவிட்டு ஆய்வறிக்கையில் பொதுவாக "வி.ஆர்." என்று எழுதினால் தவறு. மாணவர்கள் எதற்கு மதிப்பெண் போட்டார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

படம் இரண்டாகத் தெரிகிறது என்கிறார்கள். சிலருக்குக் காட்சி தானாக நகர்கிறதாம்.

இரண்டாகத் தெரிந்தால் அனேகமாக லென்ஸ் விவரம் பொருந்தவில்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் கியூஆர் குறியீட்டைச் செயலிக்குள் ஸ்கேன் செய்தால் அந்தப் பெட்டியின் லென்ஸ் இடைவெளி பதிவாகும். பெட்டி மாறும்போதெல்லாம் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லாருக்கும் சரியாக இருந்து ஒரே பிள்ளைக்கு மட்டும் இரண்டாகத் தெரிந்தால் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தானாக நகர்வது கைரோஸ்கோப்பின் பிழை சேர்ந்துகொண்டே போவதால். போனை மேசைமேல் ஆடாமல் பத்து நொடி வைத்துவிட்டுச் செயலியைத் திறங்கள். இரும்பு பீரோவுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், திசைகாட்டும் சென்சார் குழம்பும்.

தனி ஹெட்செட்டில் பிரச்சினை வேறு. அது கேமராக்களால் அறையைப் பார்த்துத் தன் இடத்தைக் கணிக்கிறது. வெறும் சுண்ணாம்புச் சுவர் அதற்குப் பிடிபடாது. நான்கு சார்ட் ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும். ஜன்னல் வெயில் மட்டும் லென்ஸுக்குள் விழவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். மொட்டைமாடியில் காட்டுகிறேன் என்று கிளம்புபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

40 பேர், 4 ஹெட்செட். எப்படிச் சமாளிப்பது?

பார்க்க 6 நிமிடம், துடைத்து மாட்டிவிட 2 நிமிடம், மொத்தம் 8. 40 நிமிட பீரியடில் 5 சுற்று, ஆக 20 பேர். வகுப்பு முழுக்கப் பார்க்க இரண்டு பீரியட் வேண்டும். இதைச் சுருக்க நினைத்தால் 6 நிமிடம் 3 ஆகும், "ஒண்ணுமே பார்க்கல மிஸ்" என்ற பதில்தான் வரும். காத்திருப்பவர்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் எரிச்சல் வி.ஆர். மேல் இறங்கி வினாத்தாளிலும் பதிவாகும். அவர்களை மூன்று குழுவாக்கி, ஒன்று மாதிரியை வரைய, ஒன்று புத்தகப் பகுதியைப் படிக்க, ஒன்று பார்த்துவிட்டு வந்தவரிடம் கேள்வி கேட்க என்று பிரியுங்கள்.

யார் எத்தனையாவது சுற்றில் பார்த்தார் என்றும் குறித்து வையுங்கள். முதல் சுற்றுப் பிள்ளையும் கடைசிச் சுற்றுப் பிள்ளையும் ஒரே அனுபவத்தைப் பெறவில்லை. கடைசிச் சுற்றுக்குள் கதை முழுக்க வகுப்பில் பரவியிருக்கும்.

பள்ளி நெட்டில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது.

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டவே வேண்டாம். 360 வீடியோ விநாடிக்கு 20 மெகாபிட் இழுத்தால் 5 நிமிடத்துக்கு 750 எம்.பி. ஆகும். ஐந்து போனுக்கு 3.75 ஜி.பி. தினம் 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜில் இரண்டு போனுக்கு மேல் தாங்காது. முந்தின நாள் இறக்கி, மெமரி கார்டு வழியாக எல்லாவற்றிலும் ஏற்றி, ஏரோபிளேன் மோடில் ஓட்டுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு நடுவில் வந்து பாட வீடியோவை மறைக்காது என்பது கூடுதல் லாபம்.

தலைசுற்றல், குமட்டல் எவ்வளவு பேருக்கு வரும்? தவிர்க்க முடியுமா?

வகுப்புக்கு வகுப்பு மாறும். ஆனால் காரணங்கள் தெரிந்தவை, பாதிக்குமேல் நம் கையில் இருப்பவை. கண் நகர்வைக் காண்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன்" என்கிறது. இந்த முரண்தான் குமட்டலைக் கிளப்புகிறது. அதனால் கேமரா நகராமல் ஒரே இடத்தில் நின்று எடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். ட்ரோன் காட்சி, வண்டியில் போகும் காட்சி, ரோலர்கோஸ்டர் எல்லாம் வேண்டாம். கடைசியாகச் சொன்னதை "பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்று முதலில் போட்டுக்காட்டும் ஆசிரியர்களால்தான் பாதி வகுப்பு அதோடு வி.ஆரைக் கைகழுவுகிறது.

சூடான போன் இன்னொரு காரணம். சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மூன்றாவது சுற்றிலேயே போன் கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் தலையசைவுக்குப் பின்தங்கி வரும். இரண்டு போனை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், உறையைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கண்மணிகளுக்கு இடையிலான தூரம். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் லென்ஸ் இடைவெளிக்கு 58, 63, 68 மி.மீ. என்று மூன்றே நிலைகள். சிறு பிள்ளைகளுக்கும் பெண்களில் பலருக்கும் தூரம் குறைவு. பெண்களுக்கு அதிகம் தலைசுற்றுகிறது என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு கருவி பொருந்தாததால்தான் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு எப்போதும் சிறிய நிலையில் வையுங்கள்.

சத்துணவு முடிந்த உடனே வரும் பீரியடில் வைக்காதீர்கள். தரையில் கால் ஊன்றும்படி உட்கார வையுங்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் வேண்டவே வேண்டாம். "தலை சுத்துனா உடனே கழட்டிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, வாந்தியில் முடியும்.

அளப்பதற்கு கென்னடி குழு 1993-ல் உருவாக்கிய வினாத்தாள் உண்டு: 16 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நீளம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கண் எரிச்சல், மங்கல் என்று ஐந்தாகச் சுருக்கலாம். சுருக்கினால் அந்த வினாத்தாளின் மதிப்பெண் என்று மட்டும் எழுதாதீர்கள்.

"அடுத்தவங்க போட்டதை நான் போட மாட்டேன்" என்று சிலர் மறுக்கிறார்கள்.

நியாயம்தானே. தேங்காய் எண்ணெய், வியர்வை, திருநீறு, குங்குமம் எல்லாம் ஹெட்செட்டின் ஸ்பாஞ்சில் இறங்கும். ஸ்டிக்கர் பொட்டு உள்ளே ஒட்டிக்கொண்டு அடுத்த பிள்ளையின் நெற்றிக்கு மாறியும் விடும். தொடங்கும் முன் பொட்டை எடுத்து நோட்டில் ஒட்டிவைக்கச் சொன்னால் தீர்ந்தது. ஸ்பாஞ்சுக்கு மேல் சிலிகான் உறை போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆல்கஹால் இல்லாத ஈரத்துணியால் துடையுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்க வேண்டும், சானிடைசர் பட்டால் பூச்சு போய்விடும். மெல்லிய பருத்தித் துணியில் கண்ணுக்கு ஓட்டை விட்டு ஆளுக்கொரு உறை தைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. அவரவர் வீட்டில் துவைத்து எடுத்து வருவார்கள். அட்டைப்பெட்டியில் நெற்றி படும் விளிம்புக்கு பிரவுன் டேப் சுற்றாவிட்டால் எண்ணெய் குடித்து ஊறிப்போகும்.

மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ரெட்டை ஜடைக்கும் பூச்சரத்துக்கும் பின்பட்டை இடிக்கும், பட்டையை ஜடைக்கு மேலே ஏற்றிப் போடுங்கள். தலைத்துணி அணியும் மாணவிகளுக்கு அதன் மேலேயே மாட்டலாம், கழற்றச் சொல்லாதீர்கள்.

லென்ஸ் மங்குகிறது என்ற புகாரும் இங்கே அடிக்கடி வரும். பி.டி. பீரியட் முடிந்து வியர்வையோடு வந்தவரின் முகத்தில், ஏசி கம்ப்யூட்டர் லேபில் குளிர்ந்து கிடந்த லென்ஸை வைத்தால் மங்காமல் என்ன செய்யும்? முகம் கழுவித் துடைத்து ஐந்து நிமிடம் ஆறட்டும்.

மாணவிகள் தயங்குவது எதனால்?

பெரும்பாலும் கருவியால் அல்ல. கண்ணைக் கட்டியதுபோல் உட்கார்ந்திருக்கும்போது சுற்றி நின்று பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், யாராவது போனில் படம் எடுக்கிறார்கள் என்ற கூச்சம்தான். சுவரைப் பார்த்து வட்டமாக நாற்காலி போடுங்கள். படம் எடுப்பதற்குத் தடை. பட்டையைச் சரிசெய்ய ஒரு மாணவியே உதவட்டும். பள்ளி விளம்பரத்துக்காக எடுக்கும் "வி.ஆர். வகுப்பு" புகைப்படமும் அந்தத் தடையில் அடங்கும்.

எந்தப் பாடத்துக்கு எடுபடும்?

நேரில் போக முடியாத இடத்துக்கு. கடலோரத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக் கடலை வி.ஆரில் காட்டினால் சிரிப்பார்கள். அதே பிள்ளைகளுக்கு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் அடிமட்டம், இதயத்தின் உட்புறம், சனியின் வளையம் எல்லாம் வேறு விஷயம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேடு நல்ல உதாரணம். தொல்லியலாளர் வீலர் 1945-ல் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை உறுதிசெய்த இடம், ஆனால் இன்று போய் நின்றால் கண்ணில் படுவது தோப்பும் இடிந்த செங்கல் சுவரும்தான். அங்கே பழைய பண்டகசாலையை எழுப்பிக் காட்டுவதற்கு வி.ஆர். பொருந்தும். பிச்சாவரத்துக்கோ பஸ் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள்.

பாடத்திட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் மாநிலப் பாடத்திட்டம், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ. ஒரே வீடியோவை இரண்டு ஊரிலும் போட்டு மனப்பான்மையை ஒப்பிட்டால், பாடத்தோடு பொருந்தியதா என்ற வேறுபாடுதான் ஊர் வேறுபாடாகத் தெரியும்.

விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

"எளிதாக இல்லை" என்ற பதிலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். "வெண்ட்ரிக்கிள்" (இதயத்தின் கீழறை) என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு அமெரிக்க உச்சரிப்பில் அதே சொல் பிடிபடாது. ஒலியை அணைத்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, ப்ளே" என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் தொடங்க வைத்து, நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போங்கள். "இப்ப வலது பக்கம் திரும்பிப் பாருங்க" என்ற டீச்சர் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் பயமும் குறையும்.

பிடித்திருக்கிறது என்றால் நன்றாகக் கற்றார்கள் என்று பொருளா?

இல்லை. இந்த ஒன்றை மறக்காதீர்கள். மக்ரான்ஸ்கியும் குழுவினரும் 2019-ல் வெளியிட்ட சோதனையில், அறிவியல் ஆய்வகப் பாடத்தை ஹெட்செட்டில் பார்த்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு "அங்கேயே இருந்தேன்" என்ற உணர்வு கூடியது, கற்றது கணினித் திரையில் பார்த்தவர்களைவிடக் குறைந்தது. பரோங், மேயர் இருவரின் 2018 ஆய்விலும் ஸ்லைடு பார்த்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள், ஆர்வம் மட்டும் வி.ஆரில் கூடியது. அவர்களே ஒரு மருந்தும் கண்டார்கள்: பகுதி பகுதியாக நிறுத்தி, பார்த்ததைச் சுருக்கி எழுத வைத்தபோது வி.ஆர். மாணவர்கள் கற்றது கூடியது, ஆர்வம் குறையவில்லை. ஆகவே 2 நிமிடம் பார்ப்பது, கழற்றி மூன்று வரி எழுதுவது, மறுபடி மாட்டுவது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

வினாத்தாளைத் தமிழில் எப்படி அமைப்பது?

ஆங்கில வினாக்களை மொழிபெயர்த்து, அசலைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழில் வழுக்குவது வேறு இடம்: எதிர்மறை வாக்கியம். "வி.ஆர். எனக்குப் பயன்படவில்லை" என்பதற்கு எதிரே "உடன்படவில்லை" என்று ஒரு கட்டம். இல்லை, இல்லை என்று இரண்டு சேர்ந்ததும் பிள்ளை குழம்பித் தலைகீழாகக் குறிக்கும். "வி.ஆர். நேரத்தை வீணாக்குகிறது" என்று, "இல்லை" வராமல் எதிர்க்கருத்தை எழுதுங்கள். "ஓரளவு உடன்படுகிறேன்" என்பதும் சிலருக்கு ஆம், சிலருக்கு இல்லை. பத்துப் பிள்ளைகளிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு இறுதியாக்குங்கள்.

ஒரு கருத்துக்குக் குறைந்தது மூன்று வினா. வினாக்கள் ஒன்றையே அளக்கின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்குக் கீழே போனால் அவை ஒன்றோடொன்று சேரவில்லை. பெயர் எழுதாமல், சீட்டுக் குலுக்கும் டப்பாவில் மடித்துப் போடச் சொல்லுங்கள். முதல் முறைத் தாளையும் மூன்றாம் முறைத் தாளையும் இணைக்க, பிள்ளையே வைத்துக்கொள்ளும் ரகசியக் குறியீடு போதும். வாங்குவது அந்த வகுப்பு ஆசிரியராக இருக்கக் கூடாது.

எத்தனை பேர் வேண்டும்?

எத்தனை சதவீதம் பேர் ஒன்றைச் சொல்கிறார்கள் என்பதை 10 புள்ளி ஏற்ற இறக்கத்துக்குள், 95% நம்பகத்தோடு சொல்ல 96 பேர். அதுவும் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தால். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பள்ளி ஒன்றின் 96 பேரை வைத்து மாவட்டத்தைப் பற்றி எழுத முடியாது. 40 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள், அதே பிள்ளைகளின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும் வில்காக்சன் என்ற புள்ளியியல் சோதனை போதும்.

அனுமதி?

தலைமை ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரிடமும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் எழுத்தில். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். தலையசைவுகூடத் தரவுதான் என்பதால் மாணவர் பெயரில் கணக்குத் தொடங்காதீர்கள். குவெஸ்டில் 10 வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை.

வாங்கினால் எவ்வளவு நாள் தாங்கும்?

கடற்கரை ஊரில் உப்புக்காற்றுதான் எதிரி. சார்ஜர் முனை பச்சை பூக்கும், பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வரும் பள்ளிகள் இங்கே குறைவில்லை. கோடை விடுமுறைக்கு முன் பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். முழுக்க வடிந்து இரண்டு மாதம் கிடந்த பேட்டரி திரும்ப எழுந்திருக்காது.